கப்பல் கொடி பதித்த பீங்கான்: வாசகர் கேள்வி – பதில்

பெரும் பயணிக் கப்பல்களின் உணவுக்கூடங்களில் புழங்கிய தட்டு, கோப்பை, தேநீர்க் கெண்டி ஆகியவற்றைச் சேகரிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

வாசகர், சென்னை: வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் வெள்ளைத் தட்டு ஒன்றின் படத்தை அனுப்பியிருக்கிறார். தட்டின் நடுவில் சிவப்புக் கொடி, அதில் வெள்ளை நட்சத்திரம். டைட்டானிக் கப்பலின் மூன்றாம் வகுப்புத் தட்டு என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார். நம்பி வாங்கலாமா?

கொடி உண்மையாகவே இருக்கலாம். கப்பலின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். வால் பிளவுபட்ட சிவப்புக் கொடியும் வெள்ளை நட்சத்திரமும் ஒயிட் ஸ்டார் லைன் நிறுவனத்தின் அடையாளம். பயணிகளின் வகுப்புக்கு ஏற்ப வடிவங்களைத் தேர்ந்தெடுத்து, பெரும்பாலும் லிவர்ப்பூலில் இருந்த ஸ்டோனியர் என்னும் பீங்கான் வணிக நிறுவனத்தின் வழியாக மொத்தமாக வாங்கி, எந்தக் கப்பலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவை ஏற்றுவது அந்நிறுவனத்தின் வழக்கம். ஆகவே அதே சிவப்புக் கொடித் தட்டு 1911இல் முதற்பயணம் புறப்பட்டு 1935 வரை ஓடிய ஒலிம்பிக் கப்பலிலும் இருந்தது. நிறுவனத்தின் மற்றக் கப்பல்களிலும் இருந்தது. டைட்டானிக்கோ 1912 ஏப்ரலில் ஒரே பயணத்தின் பாதியில் மூழ்கிப்போன கப்பல். அதில் ஏற்றப்பட்ட பீங்கான் மட்டும் 57,600 உருப்படிகள் என்று அக்காலப் பட்டியல் சொல்கிறது. அவை அனைத்தும் கப்பலோடு கடலடிக்குப் போயின. பல ஆண்டுகள் பல கப்பல்களில் புழங்கிய ஒரு வடிவத்தில், இந்தத் தட்டு மட்டும் அந்த ஒரு கப்பலிலிருந்து கரையேறியது என்று ஒருவர் சொன்னால், அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது. குறிப்பிட்ட பயணி அல்லது பணியாளரின் குடும்பத்திலிருந்து கைமாறி வந்ததற்கான எழுத்துச் சான்று, பழைய ஏலப் பட்டியலில் பதிவு, அக்காலக் கடிதம் போன்றவை இல்லாமல் 'டைட்டானிக்' என்ற சொல்லுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டியதில்லை.

"கடலடியிலிருந்து எடுத்தது" என்று அவர் கதையை மாற்றினால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். சிதைவு 1985இல் கண்டுபிடிக்கப்பட்ட பின், 1987 முதல் பல பயணங்களில் மேலே கொண்டுவரப்பட்ட பொருள்கள் அமெரிக்காவின் நார்ஃபோக் நகர நீதிமன்றத்தின் மேற்பார்வையில் ஒரே தொகுப்பாகப் பராமரிக்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்துத் தனித்தனியாக விற்கக் கூடாது என்பது நிபந்தனை. சந்தைக்குத் தனித் தட்டாக வருவதற்கு வழியே இல்லை என்று கொள்வதே பாதுகாப்பு.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1997இல் டைட்டானிக் திரைப்படம் வெளியானபின் ஒயிட் ஸ்டார் முத்திரை பதித்த புதிய கோப்பைகளும் தட்டுகளும் சந்தையில் பெருகின. சில நினைவுப் பொருள்களாகவே விற்கப்பட்டவை, அதில் தவறில்லை. ஆனால் இரண்டாம் கை, மூன்றாம் கைக்கு மாறும்போது அவை 'பழையவை' ஆகிவிடுகின்றன. தட்டின் மேல் 'ஆர்.எம்.எஸ். டைட்டானிக்' என்று பெரிதாக எழுதியிருந்தால் அதுவே முதல் ஐயத்துக்குப் போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடியில் கொடியைப் பாருங்கள்: நவீன அச்சில் சிவப்பு நிறம் வரிசையான நுண்புள்ளிகளாகப் பிரிந்து தெரியும், பழைய தட்டில் நிறம் ஒரே பரப்பாக இருக்கும். பிறகு தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், உண்மையில் உணவு பரிமாறப்பட்ட தட்டில் கத்தி உரசிய மெல்லிய கீறல்கள் எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். செயற்கையாகத் தேய்த்த தட்டில் அவை ஒரே போக்கில் இருக்கும். அடிவட்டத்தின் மெருகில்லாத விளிம்பையும் தடவிப் பாருங்கள். பல ஆண்டுகள் தட்டின் மேல் தட்டு அடுக்கப்பட்டிருந்தால் அந்த விளிம்பு வழவழப்பாகி, அழுக்கேறியிருக்கும்.

வாசகி, காரைக்குடி: இங்குள்ள பழம்பொருள் கடைகளில் முத்திரையுள்ள பீங்கான் அவ்வப்போது கண்ணில் படுகிறது. தட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்துக் காலத்தைக் கணிக்க முடியுமா?

முடியும், தட்டின் முகத்தைவிட முதுகுதான் அதிகம் பேசும். பிரிட்டிஷ் கப்பல் பீங்கானில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று செய்த ஆலை, மற்றொன்று விற்ற வணிகர். ஸ்டோனியர் பெயரைப் பார்த்துவிட்டு அதுவே ஆலை என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது வணிகரின் பெயர். மின்டன், கோப்லண்ட், ராயல் கிரௌன் டெர்பி போன்ற ஆலைகளின் முத்திரை அதன் அருகிலோ, களிமண்ணிலேயே அழுத்திய பதிப்பாகவோ இருக்கும். அழுத்திய பதிப்பு மெருகுப் பூச்சின் அடியில் மங்கிக் கிடப்பதால், விரல் நுனியால் தடவியோ, பென்சிலால் மெல்லிய தாளில் உரசியோதான் சில நேரம் படிக்க முடியும்.

காலத்தைக் கணிக்கச் சில உறுதியான எல்லைகள் உள்ளன. சாய்சதுர வடிவில் எழுத்துகளும் எண்களும் கொண்ட பதிவு முத்திரை இருந்தால் அந்த வடிவம் 1842க்கும் 1883க்கும் இடையே பதிவானது. அதற்குப் பதில் 'ஆர்.டி. நம்பர்' (பதிவு எண்) என்று வெறும் எண் இருந்தால் 1884க்குப் பிந்தியது. அந்த வரிசை 1884இல் ஒன்றில் தொடங்கி 1900 தொடங்கும்போது சுமார் மூன்றரை லட்சத்தைத் தொட்டிருந்தது. வடிவம் பதிவான ஆண்டையே அது காட்டும் என்பதை மறக்கக் கூடாது. அதே வடிவத்தைப் பிறகு பல ஆண்டுகள் செய்திருக்கலாம். 'இங்கிலாந்து' என்ற நாட்டுப்பெயர், அமெரிக்காவின் இறக்குமதிச் சட்டம் காரணமாக 1891 முதல் பரவலாக வந்தது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுதாக இருந்தால் பொதுவாக இருபதாம் நூற்றாண்டுப் பொருள். கோப்லண்ட் ஆலை மாதத்துக்கு ஓர் எழுத்தும் ஆண்டுக்கு இரண்டு இலக்கமும் அழுத்தியது. மின்டன் ஆண்டுதோறும் ஒரு சிறு குறியை மாற்றியது. ராயல் கிரௌன் டெர்பி 1938 முதல் ரோமன் எண்ணைப் பயன்படுத்தியது. இக்குறிகளுக்கான அட்டவணைகள் பீங்கான் முத்திரை நூல்களில் கிடைக்கும்.

இனி முகத்துக்கு வருவோம்; அங்குள்ள சின்னம் கப்பல் நிறுவனத்தைச் சொல்லும். சிவப்பில் பொன்னிறச் சிங்கம் உலக உருண்டையைப் பிடித்திருந்தால் குனார்ட். நீலம், வெள்ளை, மஞ்சள், சிவப்பு என நான்கு முக்கோணங்களாகப் பிரிந்த கொடி பி அண்டு ஓ. வெள்ளையில் சிவப்புப் பெருக்கல் குறி பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம். நங்கூரமும் சாவியும் குறுக்காகக் கிடந்தால் ஜெர்மனியின் நார்ட்டாய்ச்சர் லாயிட். சிவப்பும் வெள்ளையும் சதுரங்கக் கட்டமாக இருந்தால் கனடியன் பசிபிக். நான்கு மூலைகளும் சிவந்த வெள்ளைக் கொடியில் இரண்டு 'எம்' எழுத்துகள் இருந்தால், கொழும்பைத் தொட்டுக் கீழ்த்திசைக்கு ஓடிய பிரெஞ்சு மெசாஜெரி மாரிட்டிம். இவற்றில் எதிலும் கப்பலின் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். கப்பலின் படமும் பெயரும் அழகாக வரையப்பட்ட தட்டுகள் பெரும்பாலும் கப்பலிலிருந்த சிறு கடையில் பயணிகளுக்கு நினைவுப்பொருளாக விற்கப்பட்டவை; அவற்றில் எவரும் உணவருந்தியதில்லை. இந்த வழக்கம் மிகப் பழையது. குனார்டின் முதல் கப்பல்கள் ஓடத் தொடங்கியவுடன், 1841 வாக்கில், அவற்றின் பயணியர் கூடங்களைப் படமாக அச்சிட்ட 'பாஸ்டன் மெயில்ஸ்' தட்டுகளை இங்கிலாந்தின் எட்வர்ட்ஸ் ஆலை செய்து வீடுகளுக்கு விற்றது. சேகரிப்பவருக்கு அவையும் மதிப்புள்ளவையே. வேறு கணக்கில் வைக்க வேண்டியவை, அவ்வளவுதான்.

வாசகர், சிங்கப்பூர்: கப்பல் கோப்பைகள் வீட்டுக் கோப்பைகளைவிடக் கனமாக இருப்பதேன்?

எல்லாம் கனமானவை அல்ல. முதல் வகுப்பு மேசைக்கு மெல்லிய எலும்புச்சாம்பல் பீங்கான் போயிருக்கிறது. ஆனால் அன்றாடம் ஆயிரக்கணக்கில் கழுவி அடுக்கப்படும் பாத்திரம் தடித்த உடலும், உருண்டு மடிந்த விளிம்பும், அகன்ற அடியும் கொண்டிருந்தால்தான் பிழைக்கும். அலை மிகுந்த நாளில் மேசை ஓரங்களில் தடுப்புச் சட்டங்களை உயர்த்துவார்கள். விரிப்பை ஈரமாக்கி வைத்தால் தட்டுகள் வழுக்காது. அப்படியும் உடைந்தவை ஏராளம். அதனால்தான் நிறுவனங்கள் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாங்கின.

கடலுக்கென்றே சிந்தித்த பொருள் எது என்று கேட்டால், கனசதுரத் தேநீர்க் கெண்டியைச் சொல்வேன். ராபர்ட் கிராஃபோர்ட் ஜான்சன் என்பவர் முதல் உலகப் போர்க் காலத்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பிறகு குனார்ட் கப்பல்களில் இது நிலைபெற்றது. கையில் எடுத்துப் பார்த்தால் அதன் நுட்பம் புரியும். மூக்கு வெளியே நீளவில்லை, கெண்டியின் ஒரு மூலையே சற்றுக் குவிந்து மூக்காகிறது. கைப்பிடி எதிர்மூலையில் உள்ளடங்கியிருக்கிறது. மூடி மேற்பரப்போடு சமமாக அமர்கிறது. தட்டிவிட நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு எதுவுமில்லை. பத்துக் கெண்டிகளை இடைவெளியின்றி அலமாரியில் நெருக்கி வைக்கலாம். பார்வைக்கு அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூக்குடைந்த பழைய கெண்டிகள் எத்தனையோ இருக்க, கனசதுரக் கெண்டிகள் முழுதாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

வாசகர், திருச்சி: புதிதாகத் தொடங்குபவர் எதை வாங்கலாம்? அதிகப் பணம் இல்லை.

பெயர் பெற்ற கப்பலைத் தேடாமல், நிறுவனத்தையும் காலத்தையும் தேர்ந்துகொள்ளுங்கள். 1934இல் குனார்டும் ஒயிட் ஸ்டாரும் இணைந்தன. அது முதல் 1940களின் இறுதிவரை 'குனார்ட் ஒயிட் ஸ்டார்' என்ற இரட்டைப் பெயர் முத்திரைகளில் வந்தது. காலம் தானாகவே குறுகிவிடுவதால் பயில்வோருக்கு இது நல்ல களம். 1936 மே மாதம் முதற்பயணம் புறப்பட்ட குயின் மேரியும் இந்தக் காலத்தைச் சேர்ந்ததே. 1950களின் பி அண்டு ஓ, ஓரியண்ட் லைன் பீங்கானும் மிகுதியாகச் செய்யப்பட்டதால் விலை எட்டாத உயரத்தில் இல்லை. ஒரு முழு வரிசைக்கு ஆசைப்படாமல், நல்ல நிலையிலுள்ள ஒரு கோப்பையும் அதற்குரிய சாசரும் வாங்கித் தொடங்குங்கள். விளிம்பு சிதைந்த அரிய தட்டா, குறையில்லாத எளிய தட்டா என்ற தேர்வு வந்தால், தொடக்கத்தில் இரண்டாவதே நல்லது.

கப்பல்கள் ஓய்வுபெறும்போது நடந்த ஏலங்களே சான்றுள்ள பொருள்களின் ஊற்று. மௌரிட்டேனியா, ஒலிம்பிக் இரண்டின் சாமான்களும் 1935இல் ஏலம் போயின. யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற அமெரிக்கக் கப்பலின் உள்பொருள்கள் 1984இல் நார்ஃபோக்கில் பல நாள்கள் விற்கப்பட்டன. சாம்பல்நிற நட்சத்திரங்கள் சுற்றிய அதன் தட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. பிரான்சின் நார்மண்டி 1942 பிப்ரவரியில் நியூயார்க் துறைமுகத்தில் தீப்பற்றிச் சாய்ந்தது. ஆனால் படைக் கப்பலாக மாற்றுவதற்காக அதன் அலங்காரப் பொருள்களும் சாமான்களும் பெருமளவு முன்கூட்டியே இறக்கப்பட்டிருந்ததால் பல பிழைத்தன. அதற்காக, நார்மண்டியை ஓட்டிய பிரெஞ்சு லைன் நிறுவனத்தின் எழுத்து பொறித்த ஒவ்வொரு தட்டும் நார்மண்டியில் இருந்ததாக விற்பனையாளர் சொல்லும்போது, இல் த பிரான்ஸ் முதலிய அதே நிறுவனத்தின் மற்றக் கப்பல்களையும் அவருக்கு நினைவூட்டுங்கள். ஏலச்சீட்டு, பட்டியல் எண் இருந்தால் தட்டோடு சேர்த்து வாங்குங்கள். தாள் தொலைந்தால் தட்டு மறுபடி ஊர்பேர் இல்லாததாகிவிடும்.

வாசகி, நாகப்பட்டினம்: என் தாத்தா 'ரஜூலா' கப்பலில் பினாங்குக்குப் போனவர். அந்தக் கப்பலின் தட்டு கிடைக்குமா?

ரஜூலா பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் கப்பல். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்தில் தலைமுறைகளைச் சுமந்து, 1973இல் இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்கு வந்து 'ரங்கத்' என்று பெயர் மாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. நிறுவனத்தின் முத்திரையுள்ள பீங்கான் சந்தைக்கு வருகிறது. ஆனால் அந்நிறுவனத்திடம் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. இன்னொன்றும் உண்டு: முத்திரைப் பீங்கான் அறை வகுப்புப் பயணிகளின் மேசைக்குரியது, ரஜூலாவில் சென்ற நம்மவரில் மிகப் பெரும்பாலோர் அறை இல்லாமல் தளத்திலேயே தங்கிச் சென்றவர்கள். தாத்தாவின் பயணச்சீட்டோ, குடிவரவுத் தாளோ, பெட்டியில் ஒட்டிய சீட்டோ வீட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். தட்டைக் காட்டிலும் அது அவருக்கு நெருக்கமான பொருள். அந்தக் கப்பலின் பெயரும் அதில் இருக்கும்.

வாசகர், கொழும்பு: மூழ்கிய கப்பல்களிலிருந்து முக்குளிப்போர் எடுத்த பீங்கானை வாங்குவது முறையா?

எல்லாக் கப்பலுக்கும் ஒரே விடை இல்லை. அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் கிடக்கும் லூசிட்டேனியாவுக்கு 1995 முதல் அந்நாட்டின் பாதுகாப்பு ஆணை உண்டு. 1914 மே மாதம் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் மூழ்கி ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து, 1999இல் கியூபெக் அரசின் பாதுகாப்புக்குள் வந்தது. அதற்குள் முக்குளிப்போர் அள்ளிய தட்டுகள் ஏராளம். பல பின்னர் கனடாவின் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. 1956இல் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் மூழ்கிய இத்தாலியக் கப்பல் ஆன்ட்ரியா டோரியாவின் ரிச்சர்ட் ஜினோரி பீங்கானுக்காக எழுபது மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் இறங்கி உயிரிழந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல். ஒரு கோப்பைக்காக அடுத்தவர் இறங்க வேண்டிய ஆழம் அன்று அது என்பது என் எண்ணம். சட்டம் தடுக்காவிட்டாலும் நான் வாங்க மாட்டேன். நூறாண்டுக்கு மேல் நீருக்கடியில் கிடப்பவற்றைப் பாதுகாக்கும் 2001ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையின் எல்லைக்குள் டைட்டானிக்கும் 2012இல் வந்துவிட்டது. அந்தச் சிதைவின் அருகே மணலில் வெள்ளைத் தட்டங்கள் வரிசை குலையாமல் நிற்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை அடுக்கியிருந்த மரப்பெட்டியை நுண்ணுயிர்கள் தின்றுவிட்டன, பீங்கான் மட்டும் அடுக்கிய நிலையிலேயே நிற்கிறது. எடுத்து ஒவ்வொன்றாக விற்றால் அந்த வரிசை சொல்லும் செய்தி போய்விடும்.

பழைய சேகரிப்பிலிருந்து முறையாக உங்களிடம் வந்த கடலடித் தட்டு இருந்தால், அது வெடிப்புள்ளதாகவோ மெருகு குன்றியதாகவோ இருப்பின் உடனே உலர்த்தி அலமாரியில் வைக்காதீர்கள். உள்ளே ஊறிய உப்பு உலரும்போது படிகமாகி மெருகைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, பல வாரங்கள் நீரை மாற்றி மாற்றி உப்பை வெளியேற்ற வேண்டும். விலையுயர்ந்ததானால் அருங்காட்சியகப் பாதுகாப்புப் பணியில் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதே நல்லது.

வாசகி, கோயம்புத்தூர்: இத்தட்டுகளில் சாப்பிடலாமா?

வேண்டாம். பழைய மெருகிலும், மெருகின் மேல் தீட்டிய நிறங்களிலும் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. புளி, எலுமிச்சை, தயிர் படும் நம் உணவுக்கு அது இன்னும் பொருந்தாது. பொன் விளிம்புள்ளதை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவே கூடாது.

வாசகர், மதுரை: சுத்தம் செய்வது, அடுக்கி வைப்பது, ஒட்டுப்போட்டதைக் கண்டுபிடிப்பது பற்றிச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டை விரித்து, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு கலந்து, ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் பொன் கோட்டையும் முத்திரையையும் சில முறையிலேயே தின்றுவிடும். சாம்பல், தேங்காய்நார், பல்பொடி எதுவும் கூடாது. வெடிப்புக் கோடுகளில் ஏறிய பழுப்புக் கறையை வெளுப்புத் திரவத்தால் நீக்க முயன்றால் திரவம் உள்ளே தங்கி மெருகைக் கெடுக்கும். கறையை வயதின் அடையாளமாக விட்டுவிடலாம். அடுக்கும்போது தட்டுகளுக்கிடையே பருத்தித் துணியோ மெல்லிய ஃபெல்ட் துணியோ வையுங்கள். கோப்பையைக் கைப்பிடியில் மாட்டித் தொங்கவிடாதீர்கள், ஒன்றினுள் ஒன்று செருகாதீர்கள். சுருள்கம்பி மாட்டியில் சுவரில் தொங்கும் தட்டின் விளிம்பில் அழுத்தம் ஓயாது இருப்பதால், நிறுத்தி வைக்கும் தாங்கியே மேல்.

ஒட்டுப்போட்டதைக் கண்டறிய, தட்டை விரல் நுனிகளில் தாங்கி விளிம்பை மெல்லச் சுண்டுங்கள். முழுத் தட்டு கணீரென ஒலிக்கும், விரிசலுற்றது மந்தமாக ஒலிக்கும். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால் நவீன ஒட்டுப்பசையும் நிரப்பியும் சுற்றியுள்ள பீங்கானிலிருந்து வேறுபட்டு ஒளிரும். முதுகில் உலோகக் கொக்கிகளால் தைத்திருந்தால், அது நவீனப் பசைகள் பரவுவதற்கு முந்தைய பழுதுபார்ப்பு, அதைப் பிடுங்காதீர்கள்.

வாசகர், புதுச்சேரி: வெளிநாட்டிலுள்ள மகனுக்கு ஒரு பழைய கப்பல் தட்டை அனுப்பலாமா?

நூறாண்டு கடந்த பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டத்தின் வரையறைக்குள் வரக்கூடும். அவ்வாறு வந்தால் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. அனுப்புவதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையின் வட்ட அலுவலகத்தில் தட்டின் படங்களையும் அடிமுத்திரையையும் காட்டி, அது தொல்பொருள் அன்று என்ற சான்றிதழ் பெறுங்கள். தட்டு 1950களைச் சேர்ந்ததாக இருந்தாலும் சுங்கத்தில் அந்தத் தாள் பயன்படும். விலைச்சீட்டையும் உடன் வையுங்கள். கட்டும்போது தட்டைக் கிடையாக வைக்காமல், செங்குத்தாக நிற்கும்படி இரட்டைப் பெட்டியில் கட்டுங்கள். கீழே விழுந்தாலும் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.